சவுண்ட் செக்

கனகராயன்குளத்துக்கு உள்ளே, ஐந்தாம் திருவிழா.
அறுவடை முடிந்த வயலில் மேடை.
பனைக்கு ஒன்றாய் நாலு ஒலிபெருக்கி.
மூன்றாம் மைக்கை அணைக்க மறந்தவன் நான்தான்.
இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

நீலாம்பல் இசைக்குழுவில்
பெற்றவர் வைத்த பெயருக்கு வேலை இல்லை.
ஷெல்லில் ஒரு காது போன கீபோர்ட் ஞானரூபன்
'மோனோ'.
கறுத்த அமலதாஸ் மேடையேறினால் 'பவர்கட்'.
பாடகர் குகனேசன் அண்ணைக்கு
முழங்காலுக்குக் கீழே ஜெய்ப்பூர் கால்.
'பாடுறதும் ஒண்டரைக் கட்டை,
நடக்கிறதும் ஒண்டரைக் கட்டை' என்று
முதலில் சொன்னவன் நான்.
மாங்குளம் சந்திவரை வான் குலுங்கியது.
அண்ணை காலைக் கழற்றி
அதாலேயே என் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார்.
அந்தத் தட்டோடுதான்
குழுவில் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எனக்கு வைத்தது 'தோட்டம்'.
மலையாளபுரத்தில் பிறந்தவன் நான்.
எழுபத்தேழில் அடிபட்டு ஓடிவந்தவர் அப்பா.
தேயிலைச் செடியைக் கலண்டரில்தான் பார்த்திருக்கிறேன்.
'தோட்டம், பாட் சவுண்டைக் குறை.'
'தோட்டம், எங்கையடா பிளேன்ரீ?'
வீரமலை என்ற பெயர்
சம்பளக் கொப்பியில்கூட இல்லை.

அன்று ஸ்டாண்ட் சரிந்து
கீபோர்ட் மண்ணில் விழுந்தது.
மோனோ பவர்கட்டின் தாயை இழுத்தான்.
பவர்கட் அவன் பரம்பரையையே இழுத்தான்.
நடுவில் ஒண்டரை, நடுவில் தோட்டம்,
'தோட்டக்காட்டானுக்கு வயர் சுத்தத் தெரியுமே?'
எல்லாம் பனைகளில் ஏறி
அம்மனுக்கும்
கச்சான் வறுப்பவளுக்கும்
பாய் விரித்து இடம் பிடித்திருந்த சனத்துக்கும்
துல்லியமாய்ப் போய்ச் சேர்ந்தது.
சனத்துக்குள் என் அம்மாவும் இருந்தாள்.

நிர்வாகசபைச் செயலாளர் கொப்பித்தாளோடு வந்தார்.
முதல் எழுத்து, பிறகு புள்ளி புள்ளி.
இளைப்பாறிய கிராமசேவகர்; கையெழுத்து முத்து.
'அம்மாளாச்சியின்ரை வாசலிலை ஏழு தூஷணம்.
சொல்லுக்கு ஐந்நூறு.'
மூவாயிரத்து ஐந்நூறைக் கழித்துக்கொண்டார்கள்.
கற்பூரம் கொளுத்தினோம்,
ஏழு சொல்லுக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.
நான் தாளை எட்டிப் பார்த்தேன்.
ஒண்டரை இல்லை. மோனோ, பவர்கட் இல்லை.
தோட்டம் இல்லை.
அதை ஆறு தரம் சொன்னார்கள்.
எண்ணியிருந்தேன்.

எட்டு மணிக்குத் தொடங்கினோம்.
மேடைக்குக் கீழே பெடியள் முந்திவிட்டார்கள்:
'ஒண்டரை! ஒண்டரை! ஒண்டரை!'
அண்ணை வழமைபோலத் திரும்பிக் கேட்டார்:
'எத்தினையிலை நிக்கிறாய்?'
ஞானரூபனின் விரல் கீயில், வாய் பாதி திறந்தபடி.
'சீ ஷார்ப், அண்ணை.'
ஐந்து வருடத்தில் முதல் தடவை.
அண்ணை அவனைப் பார்த்தார்,
பிறகு என்னை.
'ஏனடாப்பா, கட்டைக்கு என்ன நடந்தது?'
மைக்கில்தான் கேட்டார்.
பெடியள் சிரித்தார்கள்.
எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.
சுருதி விலகாத மனுசன்
முதல் பாட்டின் சரணத்தில் இறங்கினார்.
பாட் சத்தத்தைக் கூட்டி மூடிவிட்டேன்.
அதைத்தான் என்னால் செய்ய முடிந்தது,
அதையும் அவர் கவனித்திருப்பார்.

விடியப்பறம் வீட்டுக்கு வந்தேன்.
அம்மா தூங்காமல் ரொட்டி சுட்டு வைத்திருந்தாள்.
'பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு' என்றாள்.
சம்பலை என் பக்கம் தள்ளினாள்.
'தம்பி, அந்தத் தோட்டம்ங்கிறது யாரு,
புதுசா சேந்த பையனா?'

'ஆமா. புதுசு.'

'அந்தப் புள்ள சாப்டுச்சா?' என்று கேட்டு
பதிலுக்குக் காத்திராமல்
இன்னொரு ரொட்டியை
என் தட்டில் வைத்தாள்.